மீஞ்சூரைத் தாண்டிய விடுமுறை

எங்கள் வீட்டில் கொடைக்கானல் ஒரு ஃப்ரிட்ஜாக நிற்கிறது. மைசூர், மொட்டை மாடிக்கு ஏறும் படிக்கட்டு. இரண்டு ஊர்களுக்கும் நாங்கள் குடும்பத்தோடு போய் வந்ததாக அப்பாவின் கம்பெனியில் டிக்கெட், ரூம் வாடகை பில் எல்லாம் பக்காவாக இருக்கும். போகாதவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி தயாரிக்கும் கம்பெனியில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு எங்காவது சுற்றி வந்து பில்லைக் காட்டினால், அந்தச் செலவைக் கம்பெனி கொடுத்துவிடும். எல்.டி.ஏ. என்பார்கள். வேலை செய்தவர்களில் பாதிப் பேர் சுற்றாமலே பில்லைக் காட்டினார்கள். பில் கிடைக்கும் இடம் புதுவாயல் கூட்டு ரோட்டில் இருந்த ஒரு டிராவல்ஸ் கடை. "இந்தத் தபா எந்த ஊரு?" என்று கடைக்காரர் கேட்பார், டீக்கடையில் வடையா போண்டாவா என்று கேட்கிற மாதிரி.

ஊருக்குப் போனவர்கள் வீட்டில் இருக்கக் கூடாதே. கவரைப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே கம்பெனிக்காரர்கள் குடியிருந்தார்கள். அதனால் அந்த நாலைந்து நாளும் மீஞ்சூரில் சித்தி வீட்டில் போய் ஒளிந்துகொள்வோம். மைசூருக்குப் போன தடவை ஜன்னலைக்கூடத் திறக்க விடவில்லை. சித்தி பையனோடு கேரம் ஆடியே அரண்மனையைப் பார்த்து முடித்தேன். திரும்பி வந்ததும் அப்பா பாடம் எடுப்பார்: யாராவது கேட்டால் அங்கே குளிர் எப்படி இருந்தது, என்ன சாப்பிட்டோம், எதில் ஏறினோம். பள்ளிக்கூடத்தில் 'விடுமுறையில் நான் கண்ட ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது நான் எழுதியதை டீச்சர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்துக் காட்டினார். இப்படி வளர்ந்த பிள்ளை யார் சொல்வதைத்தான் நம்பும்?

ஆறாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால், ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, "இந்தத் தபா ஊட்டி" என்றார். அம்மாவுக்கு ஊட்டி என்றால் குளியலறைக்கு டைல்ஸ். எங்கள் குளியலறைத் தரை சிமெண்ட் பெயர்ந்து, பாசி பிடித்து வழுக்கும். நீலப் பூப்போட்ட ஒரு சாம்பிள் டைலைக் கடையில் கேட்டு வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"டைல்ஸு இல்ல, நெஜமாவே போவணும்" என்றார் அப்பா. "ஆபீசுக்குப் புச்சா ஒருத்தரு வந்துகீறாரு. எல்லார் மேலயும் சந்தேகம் அவருக்கு. போன எடத்துல குடும்பத்தோட நின்னு எடுத்த போட்டோ வோணுமாம்."

"போட்டோதான? கும்மிடிப்பூண்டி ஸ்டுடியோல மல, அருவிலாம் வரஞ்ச தெர தொங்குது. அதும் முன்னால நின்னா போச்சு."

"கண்டுபுடிச்சாங்கன்னா வேல பூடும்."

வேலை போய்விடும் என்றதும் அம்மா சாமி படத்துப் பக்கம் போனாள். டைலை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நான் மட்டும் நம்பவில்லை. எனக்கு ஊட்டி பார்க்க வேண்டும் என்று உயிர் போகிற ஆசை. அதனாலேயே நம்புவதற்குப் பயமாக இருந்தது.

டிக்கெட் போட அப்பா என்னையும் பைக்கில் புதுவாயலுக்குக் கூட்டிப்போனார். வழக்கமாக டீ ஆறுவதற்குள் பில் பிரிண்டரில் வந்து விழுந்துவிடும். அன்று கடைக்காரர் எல்லோருடைய வயதையும் கேட்டார். வெயிட்டிங் லிஸ்ட் என்றதும் அப்பா வேறு தேதி பார்க்கச் சொன்னார். அம்மாவுக்குக் கீழ் பெர்த் வேண்டும் என்றார். ஊட்டி லாட்ஜுக்கு அவரே போன் போட்டு வெந்நீர் எத்தனை மணி வரைக்கும் வரும் என்று விசாரித்தார். பில்லில் மட்டும் இருக்கிற ரூமில் வெந்நீர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? நடிப்பு கொஞ்சம் அதிகமாகத்தான் போகிறது என்று எனக்குப் பட்டது.

கடைக்காரருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "இன்னா நைனா, நெஜமாலுமே போறியா? ஊட்ல எதனா பிரச்சனையா?"

"கம்பெனில போட்டோ கேக்கறாங்கப்பா."

"போட்டோவா? போன வாரந்தான் உங்க ஆளுங்க நாலு பேரு வந்து பில்லு வாங்கிக்கினு போனாங்கோ. ஒருத்தரும் போட்டோன்னு சொல்லலியே!"

அப்பா சட்டென்று என் பக்கம் திரும்பினார். "பாப்பா, எதிர்க்கடையில பஜ்ஜி வாங்கிக்கினு வா."

நான் பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்தபோது இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். போட்டோ பொய் என்றால் பயணமும் பொய்தான். டிக்கெட்டைப் பிறகு கேன்சல் செய்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவை அடுப்படியில் பிடித்து, கடைக்காரர் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அம்மா முழுவதையும் கேட்டாள். "பஜ்ஜி ஆறிடுச்சி பாரு, துன்னு" என்றாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரி, அம்மாவும் கூட்டு என்று முடிவுக்கு வந்தேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு வேஷமாகவே தெரிந்தது. பின் வீட்டில் குடியிருந்த பீகார் அக்காவிடம் அம்மா ஸ்வெட்டரும் சால்வையும் இரவல் வாங்கினாள். அப்பாவுக்கு ஒரு குரங்குக் குல்லா வந்தது. அதைப் போட்டுக்கொண்டு டிசம்பர் வெயிலில் அவர் வாசலில் நின்றபோது கவரைப்பேட்டையே பார்த்துச் சிரித்தது. பள்ளிக்கூடத்தில் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. போகாத ஊர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக அளந்தவள், அந்த வருடம் விடுமுறைக்கு வீட்டில்தான் இருக்கப்போகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

கிளம்பிய அன்று கவரைப்பேட்டையில் சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் ஏறினோம். இதுவும் பழைய வழிதான். பொன்னேரி போனது. மீஞ்சூர் நெருங்கியது. பிளாட்பாரம் தெரிந்ததும், ஏமாறுவதற்குத் தயாராக, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். வலிக்கிற பிடி. வளையல் சதையில் அழுந்தியது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், வண்டி கிளம்பியது. மீஞ்சூர் பின்னால் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் பனி உறைந்து புல்லெல்லாம் உப்புத் தூவிய மாதிரி வெள்ளையாக இருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் காலை வைத்து, "ஐயோ, சுடுதே" என்று கத்திச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பா போனில் படம் எடுத்து, எடுத்து, எடுத்துக்கொண்டே இருந்தார். அம்மா புல்லில், அம்மா படகில், அம்மா சோளம் கடித்துக்கொண்டு. இரண்டாம் நாள் சாயங்காலம் போனைப் பிடுங்கிச் சோதனை போட்ட எனக்குப் பழைய புத்தி விழித்துக்கொண்டது. ஒரு படத்தில்கூட அப்பா இல்லை.

"அம்மா, அப்பா இல்லாத போட்டோவக் கம்பெனியில ஒத்துக்குவாங்களா?" என்று காதில் கேட்டேன்.

"சும்மா இரு" என்றாள்.

நிஜமாகவே போய் வந்துவிட்டதால் போட்டோ கேட்டதும் நிஜம்தான் என்று என் விசாரணையை முடித்துவிட்டேன். குளியலறை இன்னும் இரண்டு வருடம் வழுக்கியது. அம்மா அதைப் பற்றி மூச்சே விடவில்லை. சாம்பிள் டைல் மட்டும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, சூடான சோற்றுப் பானை வைக்கும் பலகையானது.

போன வருடம் அப்பா ரிடையர் ஆனார். விருந்துக்கு வந்த அவருடைய சிநேகிதரிடம், பேச்சுவாக்கில், போட்டோ கேட்டு மிரட்டிய அந்த ஆபீசரைப் பற்றி விசாரித்தேன். "போட்டோவா? எங்க கம்பெனில எவன் கேட்டான்?" என்று அவர் சிரித்தார். அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அம்மாவை அடுப்படிக்கு இழுத்துப்போய், உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"நீதானடி பஜ்ஜி வாங்கிக்கினு வந்து சொன்ன?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்காம வந்த?"

"டைல்ஸு டைல்ஸுன்னு ஒத்தக் கால்ல நின்னவளே நான்தான். எனக்கும் ஊட்டி பாக்கணும்னு அப்பறம் எந்த வாயால சொல்றது?" கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அப்பாகிட்ட இன்னாத்தனா ஒளறி வெக்காத. நான் போட்டோவுக்கோசரம்தான் வந்தேன்னு அது நெனச்சிக்கினு இருக்குது."

போட்டோ யாரும் கேட்கவில்லை என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். அப்படியென்றால் அந்த ரயிலில் எங்களை ஊட்டிக்கு இழுத்துப்போக அப்பாவின் மனசைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதும் தெரியும். அது மீஞ்சூரில் மாறினாலும் மாறியிருக்கலாம். மணிக்கட்டைப் பிடித்தது, நான் எழுந்து நின்ற கோபத்தில் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வண்டி நகர்ந்து பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவே இல்லை.