கனவில் எண் பார்த்தவள்

தவமலர் எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் கழுவ வந்தது தொண்ணூற்றி நாலில். கோபி டவுனுக்கு வெளியே அகதிகள் முகாமில் இருந்தாள். சொந்த ஊர் திருகோணமலைப் பக்கம். சண்டை வந்தபோது புருஷன் அவளைப் படகில் ஏற்றிவிட்டு, அடுத்த படகில் வருவதாகச் சொன்னானாம். அவ்வளவுதான். ஆள் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. கையில் ஒரு போட்டோகூடக் கிடையாது. அவன் முகம் அவளுக்குக் கனவில்தான் மிச்சம்.

விடிகாலையில் வருவானாம். ஈரச் சட்டையோடு நிற்பானாம்.

முகாமில் கனவுக்குத் தனி மரியாதை. காலையில் குழாயடியில் குடம் வைக்கும்போதே ஆளாளுக்குக் கனவைச் சொல்லி எண்ணாக்கிவிடுவார்கள். பாம்புக்கு ஏழு, கிணற்றுக்குச் சைபர். அந்த எண்ணில் முடியும் லாட்டரிச் சீட்டை வாங்க வேண்டியது. ஊர் திரும்பவும் முடியாத, இங்கே நிலைக்கவும் முடியாத ஜனம், வேறு எதை நம்பும்? தவமலருக்கு ஒரு தரம் பரிசு விழுந்தும்விட்டது. அதோடு பிடித்தது சனி. காதுத் தோடு போய் வேப்பங்குச்சி வந்தது.

"ஏன் அம்மணி, காதுல கெடந்ததயும் தின்னுபோட்டானா அந்த லாட்டரிக்கடை அழகிரிசாமி?" என்பேன்.

"நாளைக்கு விழுமக்கா" என்பாள். வாய்க்கால் மேல் பனி நிற்கிற மாதிரி ஒரு பார்வை. தேய்த்த சட்டியையே மறுபடி தேய்ப்பாள்.

ஒரு மார்கழிக் காலையில் வந்தவள் பாத்திரத்தில் கை வைக்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அவர் வந்தவர்."

"செரி, வரட்டும். அதுக்கு எதுக்கு அழுகாச்சி?"

"படகில வந்தவர். படகின்ர பக்கத்தில நம்பர் எழுதிக் கிடந்தது. குனிஞ்சு அதை வாசிச்சுக்கொண்டு நிண்டன். நிமிந்து பார்த்தா ஆள் இல்லை. இப்ப எல்லாக் கனவிலயும் நம்பரைத்தான் தேடுறன். முகம் மறந்து போகுதக்கா."

"புருஷன் வந்து நிக்கறான், நீ நம்பர் படிச்சியாக்கும்! நீயென்ன படகு இன்ஸ்பெக்டரா?"

சிரித்தாள். சிரிப்பு முடியுமுன் அழுதாள்.

"அந்த நம்பர வாங்கிப்போட்டியா?"

"இன்னும் இல்லை. மத்தியானம் குலுக்கல். கால் கடைப்பக்கமே இழுக்குது."

"இழுத்தா இங்கயே கால நீட்டிப் படு."

சோறு தின்றுவிட்டுச் சமையலறைச் சிமெண்டுத் தரையில் படுத்தாள். இட்லிக்கு அரிசி ஊறிக் கிடந்தது. கிரைண்டரைப் போடாமல் விட்டேன்; மறுநாள் உப்புமா கிண்டினால் யாரும் செத்துவிட மாட்டார்கள். ஜன்னல் வழியே தென்னங்கீற்றின் நிழல் அவள் மேல் அலை அலையாக ஏறி இறங்கியது. எங்கேயோ லாட்டரிக்கடை மைக் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் கேட்டது. அவள் உதடு அசைந்தது. கண் திறக்கவில்லை.

வெயில் சாய்ந்தபின் எழுந்தாள்.

"வந்தானா?"

"வந்தவர். மணலில நிண்டவர்."

"படகு?"

"அதுவும் நிண்டது. கண் அங்கதான் போச்சுது. இழுத்து அவரிலயே வச்சிருந்தன்." தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "இதில ஒரு அம்மைத் தழும்பு இருக்குதக்கா. மறந்தே போனன்."

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கடைவீதிப் பக்கம் போகாமல் வாய்க்கால் கரையோடு நடந்து முகாமுக்குப் போனாள். மறுநாள் என்ன செய்வாள் என்று நான் கேட்கவில்லை.