கண்ணை மட்டும் விட்டுவிட்டு

இந்த ஊரில் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளேயே ஆட்கள் சிரிக்கிறார்கள். முகம் தெரியாது, சிரிப்பு மட்டும் கேட்கும். சைப்ரஸில் நான் பராமரிக்கும் கிழவிக்குத் தினமும் பதினொரு மணிக்கு அந்தப் பழைய கறுப்பு வெள்ளை நாடகம் வேண்டும். ஒரு வீடு, அப்பா, அம்மா, ஒரு குறும்புக்காரப் பையன். பையன் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைப்பான். அப்பா விரலை உயர்த்திப் புத்தி சொல்வார். மேடம் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். நானோ, இன்றைக்காவது அந்த அப்பா கையை ஓங்கிவிடுவாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஓங்கவே மாட்டார்.

இலங்கையில், ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்ட லயத்திலும் இதே நாடகத்தைச் சிங்களக் குரலில் பார்த்திருக்கிறோம். என் மகன் டிலக்சன் விழுந்து விழுந்து சிரிப்பான். மறுநாள் அதையே செய்தும் பார்ப்பான். என் கொழுந்துக் கூடைக்குள் தவளையை விட்டவன் அவன். அவனுக்கு ஏழு வயதானபோது, அப்பா இல்லாத பிள்ளையை என் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் அவன் கையை அண்ணன் கையில் கொடுத்தேன்.

"கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்கண்ணே."

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியாரிடம் நம் ஆட்கள் எல்லோரும் சொல்வதுதான். உரிக்கச் சொல்லியா சொல்கிறோம்? உங்களை நம்பி விடுகிறேன் என்று அர்த்தம். அழுகையை அடக்க எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. டிலக்சன் கேட்டுக்கொண்டு நின்றான்.

அண்ணன் கெட்டவர் இல்லை. ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர். ஆட்டோவும் தேயிலை குடிக்கட்டும் என்று இவன் பெட்ரோல் தாங்கியில் ஒரு பிடி கொழுந்தைப் போட்டுவிட்டான். அண்ணன் விட்டது கன்னத்தில் ஒரே ஓர் அறை. வெளிநாட்டில் இருப்பவளுக்குக் கெட்ட செய்தி சொல்லக்கூடாதாம், மறைத்துவிட்டார்கள். நல்ல நியாயம்! வீடியோவில் பேசும்போதெல்லாம் முகத்தைக் காட்டாமல் போனை வலது காதிலேயே வைக்கிறானே என்று, அது நடந்து நான்கு மாதம் கழித்து நான்தான் கேட்டேன். இடது காது இனிக் கேட்காது என்று அண்ணன் அழுதார். பிறகு, என்னைத் தேற்றத்தான் சொன்னார்.

"இப்ப தங்கமான புள்ளம்மா. ஒரு சேட்ட இல்ல."

என்ன சொல்லித் திட்டுவேன்? உரிக்கச் சொன்னது என் வாய்தானே. பாவி நான்.

நேற்று மேடம் திரையைக் காட்டி, உன் மகனும் இப்படியா என்று கேட்டார். முன்பு இப்படித்தான், இப்போது சத்தமே இல்லை என்றேன். கொடுத்துவைத்த தாய் என்று என் கையைத் தட்டினார். அப்படியில்லை என்று சொல்ல இங்கிலீஷ் வரவில்லை. என் இடது காதைத் தொட்டுக் காட்டினேன். சத்தம் அதிகம் என்கிறேன் என்று நினைத்து, பாவம், டிவியைக் குறைத்தார்.

அடுக்களைக் கதவோரம் நின்று டிலக்சனை வீடியோவில் அழைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தான்.

"ஏதாச்சும் சேட்ட பண்ணுடா சாமி. மாமா ஒண்ணும் சொல்லமாட்டாரு."

போனை மறுபடி வலது காதில் வைத்துக்கொண்டான்.

"நீங்க வந்ததுக்கப்பறம் பண்றேம்மா."

நான் வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயதாகியிருக்கும். என் கையிலிருந்த திரையில் அவன் காது மட்டும் தெரிந்தது. சுவரிலிருந்த திரையில் அந்தப் பையன் எதையோ உடைத்துவிட்டு ஓடினான். குறைத்த சத்தத்திலும் ஆட்கள் சிரிப்பது கேட்டது.