கையை எடுக்காத கேப்டன்

அவரை யாரும் கேப்டன் ஆக்கவில்லை. காப்பீட்டு அலுவலகத்துக் குமாஸ்தா தானே ஆகிக்கொண்டார். அலுவலகத்து ஆட்கள் அவரோடு சேர்த்து ஆறு பேர் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்த மறுநாளே, மஞ்சள் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றார். சிரிப்பை அடக்க அவர் மனைவி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அப்புறம் அந்த வாய் இருக்கிறதே, பாதுகாப்பைப் பற்றி ஓயவே ஓயாது. வரிசையாகப் போகும்போது பின்னால் வருகிறவருக்கு முன்னால் சுற்றும் சக்கரம் மட்டும்தான் தெரியும்; பள்ளம் வந்தால் முன்னால் போகிறவர் ஒரு கையைத் தாழ்த்திக் காட்ட வேண்டும். சாப்பிடும்போதுகூடக் கரண்டியை ஆட்டி ஆட்டி இதையே பாடம் நடத்துவார்.

ஆனால் அந்த மகானுக்கு ஒரு கையை எடுத்துவிட்டு சைக்கிள் ஓட்டத் தெரியாது! ஹேண்டில்பாரில் உடும்புப்பிடி. மூக்கு அரித்தால்கூட இறங்கி நின்றுதான் சொறிவார். அதனால் பயிற்சியில் எப்போதும் அந்த ஆறு பேரில் ஒருவனான மனைவியின் தம்பியையே தன் பின்னால் வரச் சொல்வார். வீட்டுப் பையன், வெளியே சொல்ல மாட்டான் என்ற தைரியம். குரலாவது கொடுக்கலாமே என்றால், கத்துவது கேப்டனுக்கு அழகில்லையாம். தூ!

"என் தம்பியை உங்க பின்னால விடாதீங்க. இல்லேன்னா நீங்க பின்னால போங்க," என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"என் பின்னால வர்றதுக்கு உன் தம்பி குடுத்து வெச்சிருக்கணும்," என்றார்.

கொடுத்து வைத்தவன்தான். கடைசிப் பயிற்சியில் பள்ளத்தைக் கண்டதும் கேப்டன் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டார், தம்பி அதில் விழுந்தான். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது.

பார்க்க வந்த மற்ற நால்வரிடமும் கேப்டன் கூசாமல் சொன்னார்: "நான் தெளிவா கை காட்டினேன். இவனுக்குத்தான் கவனம் பத்தலை. இப்படிப்பட்டவன் இனிமே நம்ம குழுவுக்கு வேணாம்."

நால்வரும் தலையாட்டினார்கள். கையில் தூளிக்கட்டோடு தம்பி முணுமுணுத்தான்: "நான்தான் பாக்காம விட்டுட்டேனோ, அக்கா?"

அதைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழுந்தவனையே தன்மேல் சந்தேகப்பட வைத்துவிட்டாரே! கணவனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "எல்லாரும் பாக்கட்டும். ஒரு கையை நீட்டிக்கிட்டே தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க."

"டயர்ல காத்து இல்ல."

நால்வரில் ஒருவர் குனிந்து அமுக்கிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கே, சார்."

வேறு வழியில்லாமல் ஏறினார். வலது கையிலிருந்து இரண்டு விரல்கள் எழுந்தன. வண்டி ஆடியது. விரல்கள் பழைய இடத்துக்கே ஓடிப்போயின. திரும்பிப் பார்க்கவும் முகமில்லாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிதித்தார். நால்வரும் தம்பியின் பக்கம் திரும்பித் தலைகுனிந்தார்கள்.

"அக்கா, முனையில சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்காங்களே! மாமாகிட்ட சொல்லலையா?"

"முன்னால போறவர்தானேடா சொல்லணும்," என்று அவள் கதவைச் சாத்தினாள்.