வட்டி கட்டிய கரண்ட் பில்

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், டாலர் மதிப்பை விட்டு அசையாது என்று சொல்லப்படும் ஸ்டேபிள்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தில் தன் சேமிப்பையெல்லாம் வட்டிக்குப் போட்டார். முதல் மாத வட்டி கரண்ட் பில்லுக்குச் சரியாக இருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே கரண்ட் நமக்கு ஓசிதான்" என்று மனைவியிடம் மார்தட்டிவிட்டு, ஓவர்டைமை அடியோடு விட்டார். தினமும் நேரத்தோடு வீடு திரும்பி, ஏசியைப் போட்டுச் சோபாவில் சாய்ந்து, போனில் வட்டி ஏறுவதைக் கண்கொட்டாமல் பார்த்தார். வட்டி ஊர்ந்தது, மீட்டர் ஓடியது. அடுத்த பில்லைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது.

"வட்டி கொறஞ்சிருச்சு போல" என்று முனகினார்.

"வட்டியெல்லாம் சரியாத்தாங்க வருது. நீங்க வீட்ல இல்லைன்னா அது பில்லுக்குப் போதும்" என்றாள் மனைவி.

மறுநாளே ஓவர்டைமுக்குக் கிளம்பினார். கேட்டவர்களிடம், முதலீட்டைக் காப்பாற்றப் போவதாகச் சொன்னார்.