சூடான கம்பியின் எண்

தவறென்று தெரிந்த எண்ணுக்குக் கீழே, கணக்கில் ஒரு பொய்யும் எழுதாத மனிதர் கையெழுத்துப் போடுவாரா?

மின் வடிவமைப்பு அலுவலகத்தில் கணக்குகளைச் சரிபார்ப்பவர் அவர். இரண்டாம் தசமத்துக்காகவும் மல்லுக்கட்டுவதால் எல்லோருக்கும் 'தசமம்'. அன்று மேசைக்கு வந்தது, மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போகும் கேபிளின் கணக்கு. மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பான மின்மறிப்பு, அட்டவணைப்படி 0.41 ஓம், மென்பொருளின்படி 0.53.

அட்டவணையின் அடிக்குறிப்பைப் படித்தார். அட்டவணை, இருபது டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் கம்பிக்கானது. சலவைக்கூடத்துக் கம்பியோ நாள் முழுக்கச் சுமை இழுத்துக் கொதிக்கும். இயந்திரத்தின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால், முதல் எண்படி, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் கண்ணிமைக்கும் முன் விழும். இரண்டாவதன்படி பத்து விநாடியாவது தூங்கும். அதுவரை அந்த இயந்திரத்தைத் தொட்டிருக்கும் கை?

இரண்டு எண்களையும் காட்டியதும் மேலாளர் சிரித்தார். "உன் கம்ப்யூட்டர் பயந்தாங்கொள்ளிப்பா. அட்டவணை அச்சுல இருக்கு."

"சார், அது குளிர்ந்த கம்பிக்கு."

"ஷார்ட் ஆனாத்தானே? ஆகும்னு ஜோசியம் சொல்றியா? கேபிள் தரைக்கடியில போயாச்சு. தோண்டி மாத்தினா திறக்க மூணு மாசம் தள்ளும். ஆள் எடுத்ததையும் ரத்து பண்ணிடுவாங்க."

சலவைக்கூடத்துக்கு எடுத்த ஆட்களில் ஒருத்தி தசமத்தின் தங்கை. ஒன்றரை வருடம் வேலையில்லாமல் இருந்தவள். அன்று மாலை புதுச் சீருடையைப் போட்டுக்காட்டினாள்.

"அண்ணே, ஒண்ணாம் தேதி திறந்துருவாங்கள்ல?"

"அங்க தரை ஈரமா இருக்குமோ?"

"துவைக்கிற இடம் பின்ன காஞ்சா கிடக்கும்? நல்லா கேட்டே போ."

அவர் சிரிக்கவில்லை. அவள் சீருடையை மடித்து வைக்கும்வரை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் 0.41க்குக் கீழே கையெழுத்துப் போட்டார். மென்பொருள் தாளைக் கோப்பில் சேர்க்கவில்லை, கிழிக்கவும் இல்லை. பிறகு இன்னொரு தாளை எடுத்து, அலுவலக வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார்.

ஒன்றாம் தேதி சலவைக்கூடம் திறந்தது. பகல் நேர எலக்ட்ரீஷியனாக, பாதிச் சம்பளத்தில் சேர்ந்திருந்தவர் அவர்தான். பிரேக்கர் பெட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டு, சாப்பாட்டு வேளையிலும் எழுந்திருக்காமல் உட்கார்ந்தார். பிரேக்கரை அணைக்க எவ்வளவு வேகமாக நீட்டினாலும் மனிதக் கை பிந்திவிடும் என்பது அங்கே அவருக்கு மட்டுமே தெரியும்.

"ஏண்ணே இப்படி?" என்று தங்கை பலமுறை கேட்டாள்.

ஒவ்வொரு முறையும் அவர் ஸ்டூலைப் பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.