எண்ணூரில் ஒரு காலையில் கொரிய எழுத்து

சண்டை நின்ற கொரியாவுக்குப் போர்க்கைதிகளைக் காவல் காக்கப் போகும் நம் படையில் நானும் ஒரு குமாஸ்தா. 1953 ஆவணியில், கப்பலேற ஒரு வாரம் இருக்கும்போது சுபேதார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். போர்க்கைதிகளின் பட்டியல் அவர்கள் எழுத்தில்தான் இருக்குமாம். வாசிக்கத் தெரிந்தவனுக்கு ஆஜர் கூப்பிடும் வேலை. தெரியாதவனுக்கு மாவு மூட்டைக் கிடங்கு. எனக்கு மூட்டை ஆகாது.

மறுநாள் காலை 7.10க்கு ராயபுரத்தில் ரயில் ஏறினேன். எண்ணூர் ஒன்பது மைல், மூன்றணா. ஜன்னலோரம் உட்காராதீர்கள். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் சட்டையெல்லாம் கரி.

சேதி அனுப்பியிருந்ததால் அந்தோணி ஸ்டேஷனுக்கே வந்திருந்தான். என்னோடு பள்ளியில் படித்தவன். கொரியாவில் நம் மருத்துவப் படையில் ஆர்டர்லியாக இருந்து, காலில் அடிபட்டு, போன வருடம் திரும்பியவன்.

"இன்னா மாமு, இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு வந்தே? ரெண்டு அவர்ல படிச்சிடலாம்" என்று பெஞ்சிலேயே தீப்பெட்டியைக் கவிழ்த்தான்.

இரண்டு குச்சியை மூலை சேர்த்தால் க. அதையே தலைகீழாகத் திருப்பினால் ந. நாலு குச்சியில் பெட்டி கட்டினால் ம. ங வெறும் வட்டம், அதற்குத் தன் சட்டைப் பொத்தானைப் பிய்த்து வைத்தான். நம் உயிர்மெய் போலத்தான், மெய்யும் உயிரும் ஒரே கட்டத்துக்குள் குடித்தனம். க-வை இடம் பார்த்து வன்மையாகவோ மென்மையாகவோ சொல்லவேண்டும். அதை நாம் பால்குடி நாளிலிருந்தே செய்கிறோம், பயம் வேண்டாம். பத்து மணிக்கெல்லாம் அவன் அடுக்கியதையெல்லாம் வாசித்தேன். தலைகால் புரியாத சந்தோஷம்.

பிறகு அந்தோணி ஒரு காகிதத்தை நீட்டினான். அவன் பார்த்துக்கொண்ட கைதி ஒருவன், சாவதற்கு முதல் நாள் தன் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்தது.

"அவன் ஊரு வட கொரியா, அங்க கடுதாசி போவாதுப்பா. அவன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஊர்க்காரன் எவனாவது உன் கேம்புல இருப்பான். ஆஜர் எடுக்கசொல்லோ இதையும் சேத்துக் கூப்டு, கேட்டவன் வந்து விசாரிச்சு அவன் வீட்டுக்குச் சேதி சொல்லுவான்."

"பாக். மன். தொக்" என்று எழுத்துக் கூட்டினேன்.

"இப்டிக் கூப்ட்டா எவன்டா திரும்புவான்? ஆளைக் கூப்டற மாதிரி கூப்டு."

"பாக் மந்தொக்!"

அந்தோணி கண்ணை மூடிக்கொண்டு "நே" என்றான். அவர்கள் மொழியில் ஆமாம். காலையில் மருந்துக்குக் கூப்பிட்டால் அந்தக் கைதி அப்படித்தான் குரல் கொடுப்பானாம். சொல்லிவிட்டு அழுதான்.

அடுத்த கப்பலில் போகிறவர்களுக்கு: எழுத்துக்கு அரை நாள், பழக்கத்துக்கு இரண்டு நாள் போதும். செலவு போகவர ஆறணா, தீப்பெட்டி தனி. அர்த்தம் தெரியாவிட்டாலும் வாய்விட்டு வாசியுங்கள், மனசுக்குள் வாசித்தால் நாக்கு திருந்தாது.

சுபேதாரின் பரீட்சையில் தேறிவிட்டேன். நாளை கப்பல். என் பட்டியலில் ஐந்நூறு பேராம். நான் ஐந்நூற்றொரு பேரைக் கூப்பிடுவேன்.