பெங்களூர் என்று பொறித்த கல்லும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டைவிட்டு இறைவனிடம் போய், வரும் புதன்கிழமையோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என் மகள் கேட்டாள். நல்லதை மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவர்களுடைய கடைசி இரண்டு ஆண்டுகளை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

அக்கா பிறந்தது, வளர்ந்தது, கணக்கு டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றது எல்லாமே காக்ஸ் டவுனில்தான். அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு என்னை வளர்த்தார்கள். கணக்கில் தேறாத பிள்ளைகளை ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்கு வரச் சொல்லி, இட்லி கொடுத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார்கள். அப்படிச் சாப்பிட்ட பலர் இன்று இந்த மலரை வாசிக்கிறீர்கள்.

எங்கள் குடும்பப் பெயரை ரேஷன் கடையில் ஒருமுறைகூடச் சரியாக எழுதியதில்லை. அது அப்பாவைப் பெற்றவரின் பெயர். அவர் சிலேசியாவிலிருந்து மாதா கோயில் பெஞ்சுகள் செய்ய வந்த தச்சர். அந்தப் பகுதி அன்று ஜெர்மனியில் இருந்தது, இன்று போலந்தில் இருக்கிறது. இங்கே கண்டோன்மென்ட் பகுதியில் ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்தார். முதல் உலகப் போர் மூண்டதும் எதிரி நாட்டான் என்று ஆங்கிலேயர் பிடித்து, பிறகு அவர் ஊருக்கே கப்பலேற்றிவிட்டார்கள். அப்பா அப்போது கைக்குழந்தை. அதன்பின் ஒரு கடிதமும் வரவில்லை.

"அங்க போய் வேற குடும்பம் பண்ணிக்கினு சுகமா இருந்துட்டான்" என்று அப்பா சாகும்வரை சொன்னார். அக்காவும் அதை நம்பினார்கள். வீட்டு ஜெபத்தில் இறந்தவர்களை நினைக்கும்போது அந்த ஒரு பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், எங்கள் குடும்பப் பெயரை இணையத்தில் தேடிப் பிடித்து, போலந்திலிருந்து ஒரு பெண் எழுதினாள். பெங்களூரில் உள்ள தன் கம்பெனி அலுவலகத்துக்கு வரப்போவதாகவும், தன் அப்பாவும் கூட வருவதாகவும், எங்களைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். சொந்தம் என்று நினைத்து எனக்கு ஒரே உற்சாகம். அக்கா மட்டும், "அந்தக் குடும்பமா இருந்தா நான் என்னடா பேசறது?" என்றார்கள். ஆனாலும் மட்டன் குழம்பும் தேங்காய்ப்பால் சோறும் செய்து வைத்தார்கள்.

வந்த பெரியவருக்கு எண்பது வயது இருக்கும். சாப்பிட உட்காரவில்லை. நின்றபடியே பேசினார். மகள் வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர்கள் எங்கள் சொந்தம் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த ஊரிலிருந்த ஜெர்மானியரை வெளியேற்றி, வேறோர் இடத்திலிருந்து விரட்டப்பட்டு வந்த போலந்துக்காரர்களை அந்த வீடுகளில் குடிவைத்தார்களாம். இவரும் அப்படிக் கைக்குழந்தையாக வந்தவர். பழைய கல்லறைக் கற்களை ஊரார் பெயர்த்து எடுத்தபோது, இவருடைய அப்பாவும் ஒன்றைக் கொண்டுவந்து, எழுத்துப் பக்கத்தைக் கீழே கவிழ்த்து மாட்டுக்கொட்டகை வாசலில் பதித்திருக்கிறார். இத்தனை காலமும் அதன்மேல் நடந்திருக்கிறார்கள். கொட்டகையை இடித்தபோதுதான் கல்லைப் புரட்டினார்கள். எங்கள் குடும்பப் பெயர் இருந்தது. அதன் கீழே, 'பெங்களூரிலிருந்து திரும்பியவர்' என்று பொறித்திருந்தது.

மகள் போனில் படத்தைக் காட்டினாள். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கல்லிலிருந்த பிறப்பு, இறப்பு வருடங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள்.

"ஊர் போய்ச் சேர்ந்த அதே வருஷம் செத்துட்டாருடா தம்பி. அப்பாவுக்கு அப்ப ரெண்டு வயசுகூட ஆவல."

பெரியவர் அழுதார். மன்னிப்புக் கேட்கவே அவ்வளவு தூரம் வந்திருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலம் தெரிந்தும் தமிழிலேயே, "நீங்க தெரியாம மிதிச்சீங்க. நாங்க தெரியாம திட்டினோம். உக்காந்து சாப்பிடுங்க" என்றார்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் உட்கார்ந்தார்.

மறுநாள் அக்கா என்னை அப்பாவின் கல்லறைக்கு அழைத்துப் போனார்கள். குனிந்து, "அப்பா, அவர் நம்மள விட்டுட்டுப் போவல. செத்துட்டாரு. கேக்குதா?" என்றார்கள். திரும்பும்போது ஆட்டோவில், "அப்பா ஒண்ணும் சொல்லலடா" என்றார்கள்.

அன்றிலிருந்து அக்கா கல்மேல் கால் வைப்பதை விட்டுவிட்டார்கள். நடைபாதையை விட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்கள். கோயில் படி ஏறாமல் வெளியே மண்ணில் நின்று பூசை கண்டார்கள். எங்கள் வாசற்படியையும் மிதிக்காமல் தாண்டித்தான் போவார்கள். கேட்டால், "அடியில யார் பேரு இருக்கோ" என்பார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். பலனில்லை.

ஒருநாள் தாண்டும்போது விழுந்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. மேஸ்திரியை வரவழைத்து வாசற்படிக் கல்லைப் பெயர்த்துப் புரட்டிக் காட்டினேன். "பாருக்கா, ஒண்ணுமில்ல. வெறும் உளி அடிச்ச தடம்." அக்கா தரையில் உட்கார்ந்து, கண் தெரியாதவர் தடவுவதுபோல அந்தப் பரப்பு முழுவதும் விரல்களை ஓட்டினார்கள்.

"எழுத்து தேஞ்சு போயிருக்கும்டா" என்றார்கள்.

மேஸ்திரியை அனுப்பிவிட்டு, கல்லைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். நான்கு மாதம் கழித்து, சிறுநீரகக் கோளாறால், உறக்கத்திலேயே அக்கா பிரிந்தார்கள்.

படி ஏறாத அக்காவுக்காக வீடு தேடி வந்து நற்கருணை கொடுத்த பங்குத் தந்தைக்கு நன்றி. இரண்டு மாதம் உடனிருந்து குளிப்பாட்டிய நர்ஸம்மாவுக்கும், தினமும் மதில் மேலாக எட்டிப் பார்த்து, "ஊட்டா ஆய்த்தா டீச்சரே?" என்று சாப்பாட்டை விசாரித்த பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாவுக்கும் நன்றி. போலந்துப் பெரியவர் அந்தக் கல்லைத் தன் முற்றத்தில் நிமிர்த்தி நிறுத்தி, அக்காவின் அடக்கத்தன்று அதன்முன் மெழுகுவர்த்தி ஏற்றினார். அவருக்கும் எங்கள் நன்றி.

புதன்கிழமை பூசை முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். பெயர்த்த கல்லை நான் இன்னும் திரும்பப் பதிக்கவில்லை. வாசலில் பள்ளமாக இருக்கும், பார்த்துக் கால் வையுங்கள்.